வெள்ளை லைலாக்குக்குக் கவ்வாத்து

நான் கத்தி பிடித்துப் பழகிய ஆள். இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருசம் கவ்வாத்து வெட்டியிருக்கிறேன். கவ்வாத்து என்றால், வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு மட்டமாக வெட்டி, மறுபடி துளிர்க்க விடுகிற வேலை. பார்த்தால் யாரும் செய்யலாம் போலத்தான் இருக்கும். கத்தியைக் கையில் கொடுத்தால்தான் தெரியும் சங்கதி. ஒரே இழுப்பில் போக வேண்டும், வெட்டு சாய்வாக விழ வேண்டும், பட்டை கிழியக் கூடாது. நான் வெட்டிய நிரையைத் தூரத்தில் நின்றே கண்டுபிடித்துவிடலாம் என்று எங்கள் தொரை ஒருமுறை சொன்னார். இதை இதுவரை ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன். இப்போது உங்களிடமும் சொல்லியாகிவிட்டது.

பெருமை இத்தோடு முடிந்தது. இனி வருவதெல்லாம் நான் அசடு வழிந்த கதை.

என் மனைவி அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். இருவரும் வேலையிலிருந்து நின்ற வருசம், லயத்து வரிசையில் இருந்த ஒற்றை அறைக் காம்பிராவை விட்டுத் தனி வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்கு முன்னால் நாலு எட்டு வைத்தால் முடிந்துபோகிற அளவில் ஒரு துண்டு நிலம். அதில் லீக்ஸ் போடலாம், போஞ்சி போடலாம் என்று நான் காய்கறிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேறு ஆசை. ஒருநாள் ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்: "முப்பது வருசம் செடியத் தொட்டிருக்கேன். நான் தொட்ட செடி ஒண்ணாவது பூத்துச்சாங்க?"

யோசித்துப் பார்த்தேன். சரிதான். தேயிலையும் பூக்கும், வெள்ளையாக, சின்னதாக. ஆனால் ஒழுங்காகக் கொழுந்து பறிக்கிற மலையில் அதைப் பூக்க விட மாட்டார்கள். பூத்தால் அந்த மலையைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம், தொரைக்குக் கோபம் வரும். அவள் கை செய்த வேலையே செடியைப் பூக்க விடாத வேலை. இது எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை.

அடுத்த மாதம் ஒரு கலியாணத்துக்காக வெலிமடைக்குப் போனோம். திரும்புகையில் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பூச்செடிக் கடை. கடைக்காரர் முஸ்லிம், வயதானவர், எல்லோரும் நானா என்று கூப்பிட்டார்கள். என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி, உச்சியில் ஒரே ஒரு வெள்ளைப் பூங்கொத்து. சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வாசனை தெருவரைக்கும் வந்தது. மல்லிகை இல்லை, பிச்சி இல்லை, எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை.

"இது என்ன பூ நானா?"

"லைலாக். வெள்ளை லைலாக். குளிர் நாட்டுச் சாமான். மத்த ரகமெல்லாம் பனி கொட்டினாத்தான் பூக்கும். இதுக்கு நம்ம மார்கழிக் குளிர் போதும்."

மனைவி என்னைப் பார்த்தாள். முப்பது வருசத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது இரண்டோ மூன்றோ தடவைதான் இருக்கும். நான் செடியைத் தூக்கிக்கொண்டேன்.

நானா நல்ல மனிதர். செடியைக் கொடுத்ததோடு விடாமல் வளர்க்கும் முறையும் சொன்னார். "தேயிலை மண்ணு புளிப்பு மண்ணு, இதுக்கு ஆகாது. குழியில அடுப்புச் சாம்பல் போடுங்க, முட்டைக் கோது நொறுக்கிப் போடுங்க. வெயில் படணும். வேர்ல தண்ணி தேங்கப்படாது." மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு அவர், "இதை வெட்டுற விசயம் ஒண்ணு இருக்கு, அது எப்பிடின்னா..." என்று ஆரம்பித்தார்.

அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். "நானா, மத்ததெல்லாம் சொல்லுங்க. வெட்டுறத மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. நான் முப்பத்திரண்டு வருசக் கவ்வாத்துக்காரன்."

நானா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வீடு வரும்வரை செடி அவள் மடியில். பண்டாரவளையில் பஸ் மாறும்போதுகூட என்னிடம் தரவில்லை. முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பி மோப்பம் பிடித்தார்கள். கொண்டக்டர் டிக்கட் கிழிப்பதை விட்டுவிட்டு என்ன சென்ட் என்று கேட்டார். அவள் யாரிடமும் மறைக்கவில்லை. "எங்க வீட்டுல வைக்கப் போறேன்," என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொன்னாள்.

குழி வெட்டினது நான். சாம்பல் போட்டது அவள். சாம்பலைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. தேயிலைக்காரன் கண்ணுக்கு அது செடியைக் கொல்கிற வேலை. ஆனால் செடிக்குப் பிடித்துப்போனது. வந்த கொத்து உதிர்ந்ததும் தளதளவென்று துளிர்விட்டு ஐப்பசிக்குள் தலைக்கு மேலே போய்விட்டது. ஒரு கிளை இந்தப் பக்கம், ஒரு கிளை அந்தப் பக்கம், ஒழுங்கே இல்லை. தினமும் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வருவேன், அது கண்ணில் படும், எனக்குக் கை நமநமக்கும்.

கார்த்திகையில் பொறுக்க முடியவில்லை. கத்தியைத் தீட்டினேன். மட்டக்கம்பையும் தேடி எடுத்தேன். கொழுந்து மட்டம் பார்க்கச் செடியின்மேல் வைக்கிற கம்பு அது, அவளுடையது.

"வெட்டணுமாங்க?" என்று அவள் கேட்டாள்.

"வெட்டுனாத்தான் பக்கக் கிளை வெடிக்கும். பக்கம் வெடிச்சாத்தான் பூ குமியும்."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன, என் தொழில் அதுதானே. நான் முழங்கால் உயரத்தில், ஒரே மட்டமாக, பட்டை கிழியாமல் வெட்டினேன். உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையிலேயே நான் வெட்டிய ஆக அழகான கவ்வாத்து அதுதான்.

பங்குனியில் செடி முழுக்கப் பச்சை. பழைய கவ்வாத்துக் கூட்டாளி ஒருவன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டு நாள்ல கொழுந்து எடுக்கலாம் போல இருக்கே," என்றான். பூ ஒன்றுகூட இல்லை.

முதல் வருசம்தானே, வேர் பிடிக்கட்டும் என்று சொன்னேன். அந்தக் கார்த்திகையிலும் வெட்டினேன். மறு பங்குனியிலும் பச்சைதான். ஆனி ஆடியில் அடித்த கச்சான் காற்று செடியை உலுக்கிவிட்டது என்று சொன்னேன். யூரியாச் சாக்கு இரண்டைக் கிழித்து மறைப்புக் கட்டினேன். மூன்றாவது கார்த்திகையில் இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டினேன், செடிக்குப் பயம் வரட்டும் என்று. மூன்றாவது பங்குனியிலும் இல்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, உடைந்த சட்டியில் மீசை வரைந்து செடிக்குப் பக்கத்தில் கம்பில் கவிழ்த்தேன். காற்று, கண், மண், மழை எல்லாவற்றையும் குற்றம் சொல்லியாகிவிட்டது. கத்தியை மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாக.

நான் காரணம் தேடிய நேரத்தில் அவளும் தேடியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. மூன்றாவது பங்குனிக்குப் பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். "நீங்களே ஊத்துங்க," என்றாள். சாம்பலையும் என்னையே போடச் சொன்னாள். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் பக்கத்து வீட்டுச் சின்ன மகள் பெரிய மனுசி ஆனாள். சடங்குக்கு அழைக்க அவளுடைய அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்தார். "அக்கா, நீங்கதான் மொதத் தண்ணி ஊத்தணும்," என்றார். லயத்துக் காலத்திலிருந்தே எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் தண்ணீர் என் மனைவி ஊற்றியதுதான்.

அவள் தட்டைத் தொடவில்லை. "என் கை வேணாம் தங்கச்சி. வேற யாரயாவது கூப்பிடு."

"ஏன்க்கா?"

"என் கை ராசி சரியில்ல. வாசல்ல பாத்தியா? மூணு வருசமா சாம்பலும் தண்ணியும் போட்டும் ஒரு பூ இல்ல. நல்லாப் பூத்த செடி, நான் மடியில வச்சிக் கொண்டாந்த அன்னையோட நின்னுபோச்சு. வயசுக்கு வந்த புள்ள மேல இந்தக் கையால தண்ணி ஊத்த மாட்டேன்."

அந்த அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் சடங்கன்று பந்தலில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிட்டாள். பூ இல்லாவிட்டால் போகட்டும். பூவைக் காரணம் வைத்து ஒருத்தி தன் கையையே வெறுப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வெலிமடைக்குப் போனேன். அவளிடம் உரம் பார்க்கப் போகிறேன் என்றேன். நானா என்னைக் கண்டதும், "வாங்க வாங்க, கவ்வாத்துக்காரர்!" என்றார். மூன்று வருசம் கழித்தும் மறக்கவில்லை என்றால் அன்று நான் எப்படிப் பேசியிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல லைலாக் எங்க இருக்கு? தேயிலைதானே தெரியுது?"

"அதான் நானா லைலாக்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்துத் தப்பித்திருப்பேன். பொறுமையாகச் சொன்னார்: "பூ உதிர்ந்த கையோட புதுக் கிளை விடும். அந்தக் கிளை நுனியிலதான் அடுத்த வருசத்து மொட்டு வந்து உக்காரும். ஐப்பசி கார்த்திகையில எல்லாம் உள்ளுக்கு ரெடியா இருக்கும், குளிருக்குக் காத்துக்கிட்டு. அந்த நேரத்துல கத்தியத் தூக்கினா அவ்வளவும் போச்சு. வெட்டுறதுன்னா பூ முடிஞ்ச உடனே, அதுவும் கொஞ்சமா. இதத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன், நீங்க விடல்லையே."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மொத்தம் எத்தனை கொத்து வெட்டியிருப்பேன் என்று யோசித்தேன். மூன்று கார்த்திகை. குப்பையில் போட்ட கிளைகளை நான் அடுப்புக்குக்கூடக் கொடுத்திருக்கிறேன். அவள் பூவை அவளே எரித்துத் தேத்தண்ணி வைத்து, எனக்குக் கொடுத்து, நானும் குடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருசப் பெருமை வாயை அடைத்துவிட்டது. எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன். இந்த வருசம் வெட்டாமல் விடுவேன், பங்குனியில் பூக்கும், அவள் மனசும் தானாகச் சரியாகிவிடும். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நல்ல திட்டம் என்றுதான் நினைத்தேன்.

ஆவணியில் அதே பக்கத்து வீட்டில், மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஊரே போய்த் தூக்கிக் கொஞ்சியது. என் மனைவியும் போனாள், வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கார்த்திகை வந்தது. செடி பரட்டைத் தலையாக நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கிளை நுனியிலும் இரண்டிரண்டாக, பருத்த மொட்டு. மூன்று வருசமும் இவை என் கண்ணுக்குத் தெரியாமல் போனது எப்படி?

"என்னங்க, இன்னும் வெட்டலியா?" என்றாள்.

"இடுப்பு வலிக்குது."

சொன்னது பொய். அவளோ அன்று சாயந்தரமே தைலம் காய்ச்சி என் இடுப்பில் தேய்த்தாள். மறுநாள் வெந்நீர் ஒத்தடம். இல்லாத வலிக்கு அவள் குனிந்து நிமிர்ந்து பார்த்த வைத்தியத்தில் அவளுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் குப்புறப் படுத்தபடி முனகினேன். பாதி முனகல் நடிப்பு, மீதி குற்ற உணர்ச்சி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பாண் வாங்கப் பேக்கரிக்குப் போயிருந்தேன். திரும்பி வளைவில் ஏறும்போது எங்கள் வாசலில் யாரோ குந்தியிருப்பது தெரிந்தது. என் பழைய கூட்டாளி. கையில் கத்தி. செடியின்மேல் மட்டக்கம்பு. பக்கத்தில் என் மனைவி தேத்தண்ணியோடு நிற்கிறாள். இடுப்பு முடியாத புருசனுக்கு ஒத்தாசையாக ஆளைக் கூப்பிட்டு வந்திருக்கிறாள்.

"டேய், நிப்பாட்டுடா!"

நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் எல்லாம் கதவு திறந்தது. பாணை எறிந்துவிட்டு மேட்டில் ஓடினேன். கடைசி நாலு படியை ஒரே தாவு.

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இடுப்பு வலின்னீங்க?"

கூட்டாளி கத்தியைத் தூக்கியபடி அப்படியே இருந்தான். அவன் கைக்கும் மொட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. இனி மறைக்க வழியில்லை.

"வெட்டக் கூடாதும்மா," என்றேன். "இந்தச் செடிய இப்ப வெட்டக் கூடாது. வெட்டுனா மொட்டு போயிரும். மூணு வருசமும் நான் வெட்டுனதாலதான் பூக்கல. ஒங் கையில ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் எங் கை."

கூட்டாளிக்கு அந்த நிமிடமே வீட்டில் அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அவள் கேட்டாள்: "எப்பத் தெரியும்?"

"ஆனி மாசம். நானாகிட்டப் போய்க் கேட்டேன்."

"சடங்குக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தித்தான். மறுநாள்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப அஞ்சு மாசமாத் தெரியும்." பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "அஞ்சு மாசமா நான் என் கையப் பாத்துப் பயந்துகிட்டு இருந்தேங்க. அந்தப் பச்சப் புள்ளயத் தூக்க ஆசையா இருந்துச்சு. தூக்கல."

அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். "தப்புத்தான்," என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க இப்ப சொல்றதாவது நெசமா இருக்குமான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பூக்கட்டும். அப்பறம் பாப்போம்," என்று சொல்லிவிட்டு, கூட்டாளி விட்டுப்போன கத்தியையும், உள்ளே இருந்த என் கத்தியையும், காய் நறுக்குகிற கத்தியையும்கூட எடுத்துக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அந்தக் கிழமை ஏழு நாளும் கத்தரிக்காயைக் கையால் பிய்த்துத்தான் குழம்பு வைத்தாள். என்னோடு பேச்சு இல்லை. எனக்குச் சேர வேண்டிய செய்திகளைச் செடியிடம் சொன்னாள். "அரிசி முடிஞ்சிபோச்சுன்னு சொல்லு அவருகிட்ட," என்பாள். நான் செடியைப் பார்த்து, "சரி," என்பேன்.

பேச்சு திரும்பியது. ஆனால் அந்தக் குழந்தையை அவள் தூக்கவில்லை. மார்கழி வந்தது, தை வந்தது. குளிர் போதாமல் போனால்? மழை விடாமல் பெய்து மொட்டு அழுகினால்? நான் சொன்னது நிசமாகவே இருந்து, செடி பூக்காமலும் போனால், அவள் சாகும்வரை தன் கையைத்தான் குற்றம் சொல்வாள். சாமி கும்பிடாத நான் தோட்டத்து மாரியம்மனிடம் போய், ஒரு கொத்து போதும் தாயே, ஒரே ஒரு கொத்து என்று வேண்டிக்கொண்டேன்.

மாசி கடைசியில் ஒரு காலை அவள் வாசலிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க."

படுக்கையை விட்டு எழும்போதே வாசனை வந்துவிட்டது. வெளியே போனேன். ஒன்று இல்லை, ஏழு கொத்து. பனி ஈரத்தோடு, வெள்ளை வெளேரென்று. நான் நாலு எட்டில் கிட்டப் போய்க் கையை நீட்டினேன்.

"கையப் பின்னால கட்டுங்க."

கட்டினேன்.

"இப்ப மோந்து பாருங்க."

தொரைக்கு முன்னால்கூட அப்படிக் கை கட்டி நின்றவன் இல்லை நான். குனிந்து மூக்கை மட்டும் நீட்டி மோந்து பார்த்தேன். வெலிமடையில் தெருவரைக்கும் வந்த அதே வாசனை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கலாம் என்றால் கையை எடுக்க உத்தரவு இல்லை.

அவள் இரண்டு விரலால், நகம் படாமல், கொழுந்து கிள்ளுகிற மாதிரி ஒரு கொத்தைக் கிள்ளினாள். தலையில் வைப்பாள் என்று நினைத்தேன். தன் விரலை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு பூவோடு நேரே பக்கத்து வீட்டுப் படியேறினாள்.

"தங்கச்சி, புள்ள முழிச்சிருச்சா? இங்க குடு, நான் தூக்குறேன்," என்று அவள் சொன்னது எங்கள் வாசல்வரை கேட்டது. நான் கையைப் பின்னால் கட்டியபடியே நின்றுகொண்டிருந்தேன்.